கிளையன்ட்-சர்வர், டிஸ்ட்ரிபியூட்டட் தரவுத்தளங்கள்: படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டேபிள், எஸ்க்யூஎல், நார்மலைசேஷன் வரை பாடம் சுமுகமாகப் போகும். தரவுத்தளம் ஒரு கணினியை விட்டு வெளியே வந்ததும் பலருக்கும் பிடி நழுவுகிறது. அந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கிளையன்ட்-சர்வர் தரவுத்தளமும் டிஸ்ட்ரிபியூட்டட் தரவுத்தளமும் ஒன்றுதானா?

இல்லை. கிளையன்ட்-சர்வர் முறையில் தரவு ஒரு சர்வரிடம் இருக்கிறது, அதைக் கேட்கிற நிரல் வேறு கணினியில் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டட் முறையில் தரவே பல கணினிகளில், அதாவது நோடுகளில், பிரிந்து கிடக்கிறது. ஆனாலும் பயன்படுத்துகிறவருக்கு அது ஒரே தரவுத்தளமாகத் தெரிய வேண்டும். ஒரே சர்வரை ஆயிரம் பேர் அணுகினால் அது டிஸ்ட்ரிபியூட்டட் ஆகிவிடாது. ஒரு டிரான்சாக்ஷனை, அதாவது முழுதாக நடக்க வேண்டிய அல்லது நடக்கவே கூடாத ஒரு தொகுதி மாற்றங்களை, முடிக்க இரண்டு நோடுகள் பேசிக்கொள்ள வேண்டியிருந்தால் ஆகிவிடும்.

ஆனால் இரண்டு முறைகளிலும் நடுவில் நெட்வொர்க் இருக்கிறது. செய்தி அனுப்பினோம், பதில் வரவில்லை என்று வையுங்கள். மறுமுனை செத்துவிட்டதா, மெதுவாக இயங்குகிறதா, வேலையை முடித்தபின் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? மூன்றும் இந்த முனைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இந்தப் பாடத்தில் வரும் பெரும்பாலான நெறிமுறைகள் இந்த ஒரு சங்கடத்தைச் சமாளிக்கப் பிறந்தவை. எந்தத் தலைப்பைப் படித்தாலும் ‘இந்த இடத்தில் பதில் வராவிட்டால்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பாடம் அதிலேயே விளங்கிவிடும்.

எந்த வரிசையில் படிப்பது?

முதலில் ஒரே கணினியில் டிரான்சாக்ஷன் எப்படி நடக்கிறது என்பது தெளிவாக வேண்டும்: பூட்டுகள், ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்கள் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கலாம் என்று சொல்லும் ஐசொலேஷன் நிலைகள், மாற்றத்தைத் தரவுப் பக்கத்தில் எழுதும் முன் பதிவேட்டில் எழுதிவைக்கும் முறை. மின்சாரம் போய் வந்தபின் சர்வர் அந்தப் பதிவேட்டைப் படித்து எப்படி மீள்கிறது என்று சொல்லத் தெரியாமல், பல நோடுகள் சேர்ந்து ஒரு டிரான்சாக்ஷனை உறுதிசெய்யும் இரு கட்டக் கமிட்டைப் படித்தால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

அடுத்து கிளையன்ட்-சர்வர். இதைப் பலரும் ‘எளிது’ என்று தாண்டிவிடுகிறார்கள், அது தவறு என்பது என் கருத்து. அப்புறம் தரவைப் பிரிப்பது, பரவிய வினவல், பரவிய கமிட், நகலாக்கம், கடைசியில் ஒருமித்த முடிவுக்கான நெறிமுறைகள். கேப் தேற்றத்தை முதல் நாளே தொடாதீர்கள்.

வினவல் அனுப்பியபின் கிளையன்டுக்கும் சர்வருக்கும் இடையே என்ன நடக்கிறது?

கிளையன்டில் இருக்கும் இணைப்பு நூலகமான டிரைவர் முதலில் இணைப்பைத் திறக்கிறது. டிசிபி கைகுலுக்கல், குறியாக்கம் இருந்தால் அதற்கான பேச்சு, கடவுச்சொல் சரிபார்ப்பு எல்லாம் முடிந்தால்தான் ஓர் அமர்வு உருவாகும். பிறகு எஸ்க்யூஎல் வரி போகிறது. சர்வர் அதன் இலக்கணத்தைப் பார்க்கிறது, திட்டம் போடுகிறது, இயக்குகிறது, வரிசைகளைத் திருப்பி அனுப்புகிறது. பயன்பாட்டு நிரல் எந்தத் தரவுத்தளத்தோடும் ஒரே மாதிரிப் பேசத்தான் ஓடிபிசி, ஜேடிபிசி போன்ற இடைமுகங்கள் வந்தன.

இதில் இரண்டு செலவுகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இணைப்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வர் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி பிராசஸ் வைக்கிறது; இயல்பான உச்ச வரம்பு 100 இணைப்புகள். அதனால்தான் இணைப்புகளைத் திறந்தே வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்ஷன் பூல் தேவைப்படுகிறது.

இன்னொன்று, போய்வரும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்கு ஒரு முறை போய்வரக் குறைந்தது 10 மில்லிவினாடி. ஒரு பட்டியலை எடுத்து, அதிலுள்ள 200 பொருள்களுக்கும் தனித்தனியாக வினவல் அனுப்பினால் 201 பயணங்கள், அதாவது 2 வினாடிக்கு மேல். சர்வர் கணக்கே போடாமல் உட்கார்ந்திருந்தாலும் இந்த 2 வினாடி போகும். ஒரே ஜாயினாக எழுதினால் ஒரு பயணத்தில் முடிந்துவிடும். இண்டெக்ஸ் போட்டும் வேகம் வரவில்லை என்று புலம்புவதற்கு முன் பயணங்களை எண்ணுங்கள்.

நெட்வொர்க்கில் ஒரு கோப்பைப் பகிர்ந்து பயன்படுத்துவதும் கிளையன்ட்-சர்வர்தானே?

கோப்பு சர்வர் வெறும் பைட்டுகளைத் தருகிறது. தேடுவதும் வடிகட்டுவதும் கேட்கிறவர் கணினியில் நடக்கும், அதற்காகக் கோப்பின் பக்கங்கள் எல்லாம் நெட்வொர்க்கில் ஓடும். தரவுத்தள சர்வரிடம் கேள்வி போகிறது, விடை மட்டும் வருகிறது. பூட்டுகளையும் பதிவேட்டையும் சர்வரே ஒரே இடத்தில் பார்த்துக்கொள்கிறது. எஸ்க்யூலைட் இரண்டிலும் சேராது. அது சர்வரே இல்லாமல் நிரலுக்குள்ளேயே ஓடும் நூலகம்.

தரவுத்தள சர்வரிலேயே ஓடும் நிரலான ஸ்டோர்டு புரொசீஜரில் எவ்வளவு எழுதலாம்?

பயணங்களைக் குறைக்க வேண்டிய இடத்திலும், தரவின் நேர்மையைக் காக்கும் விதிகளுக்கும் எழுதலாம். மற்றதை, கிளையன்டுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே ஓடும் பயன்பாட்டு சர்வர்களில், அதாவது நடு அடுக்கில் வையுங்கள். நடு அடுக்குக்குக் கணினிகளைக் கூட்டுவது எளிது, தரவுத்தள சர்வருக்குக் கூட்டுவது எளிதல்ல.

டிரான்சாக்ஷனை உறுதிசெய்யும் கமிட் கட்டளையை அனுப்பினேன், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி அனுப்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பக்கூடாது. அந்த கமிட் நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். ஒரு கணக்கிலிருந்து 500 கழிக்கும் டிரான்சாக்ஷனாக இருந்தால், மறுபடி அனுப்பி 1,000 கழிந்துவிடும் ஆபத்து உண்டு. டிரான்சாக்ஷன்களுக்கான ஏசிஐடி உத்தரவாதம் (முழுமை, விதி மீறாமை, தனிமை, நிலைத்தல்) இங்கே எங்கும் மீறப்படவில்லை. சர்வர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. விடை நமக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

தீர்வு கிளையன்டிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண்ணைக் கிளையன்டே உருவாக்கி அனுப்ப வேண்டும். சர்வரில் அந்த எண்களுக்கென்று ஒரு டேபிள், அதில் ஒரே எண்ணை இரண்டு முறை சேர்க்கவிடாத ஒரு யுனிக் கட்டுப்பாடு. தொகையைக் கழிப்பதும் எண்ணை அந்த டேபிளில் சேர்ப்பதும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் நடக்க வேண்டும். இப்போது பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப அனுப்பலாம். முதல் முறையே நடந்திருந்தால் இரண்டாவது முயற்சி யுனிக் கட்டுப்பாட்டில் முட்டி நிற்கும், அதுவே ‘ஏற்கெனவே முடிந்தது’ என்பதற்கான விடை. எண்ணைத் தனி டிரான்சாக்ஷனில் சேர்த்தால் எல்லாம் வீண். இரண்டுக்கும் நடுவில் சர்வர் விழுந்தால் எண் இருக்கும், கழிவு இருக்காது.

ஒரு கிளையன்ட், ஒரு சர்வர் மட்டும் இருக்கும்போதே இவ்வளவு சிக்கல். இதைப் புரிந்துகொண்டவருக்கு அடுத்த அத்தியாயங்கள் புதிதாக இருக்காது.

தரவைக் கிடைமட்டமாகப் பிரிப்பது, செங்குத்தாகப் பிரிப்பது: எதை எப்போது?

கிடைமட்டம் என்றால் வரிசைகளைப் பிரிப்பது, இன்று ஷார்டிங் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். செங்குத்து என்றால் நெடுவரிசைகளைப் பிரிப்பது. இதில் முதன்மைச் சாவி ஒவ்வொரு துண்டிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப ஒட்ட முடியாது. பிரித்தது சரியா என்று பார்க்க மூன்று சோதனைகள்: எந்தத் தரவும் விடுபடவில்லையா, துண்டுகளிலிருந்து மூல டேபிளை மீட்க முடிகிறதா, செங்குத்துப் பிரிவில் சாவியைத் தவிர எதுவும் இரு துண்டுகளில் வரவில்லையா.

நடைமுறையில் தலைவலி தருவது, எந்த நெடுவரிசையை வைத்துப் பிரிப்பது என்ற சாவித் தேர்வுதான். தேதியை வைத்துப் பிரித்தால் இன்றைய எழுத்துகள் (எழுதும் வேலைகள்) எல்லாம் ஒரே நோடில் குவியும், மற்றவை சும்மா இருக்கும். சாவியின் மதிப்பை ஒரு சூத்திரத்தால் சிதறடிக்கும் ஹாஷ் வைத்துப் பிரித்தால் சுமை சமமாகும், ஆனால் ‘இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை’ என்ற வினவல் எல்லா நோடுகளையும் தட்ட வேண்டிவரும். அடிக்கடி ஒரே டிரான்சாக்ஷனில் சேர்ந்து வரும் தரவு ஒரே நோடில் விழும்படி சாவியைத் தேர்ந்தெடுப்பதே முதல் குறி.

செமி-ஜாயின் எதற்கு? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முதல் நோடில் உறுப்பினர் டேபிள்: 1,00,000 வரிசைகள், வரிசைக்கு 200 பைட், மொத்தம் 2 கோடி பைட். இரண்டாம் நோடில் அபராத டேபிள்: 2,000 வரிசைகள், வரிசைக்கு 50 பைட், மொத்தம் 1 லட்சம் பைட். இரண்டையும் இணைத்த விடை இரண்டாம் நோடில் வேண்டும்.

உறுப்பினர் டேபிளை அப்படியே கொண்டுவந்தால் 2 கோடி பைட் பயணிக்கிறது. அபராத டேபிளை முதல் நோடுக்கு அனுப்பி, அங்கே இணைத்து, விடையைத் திருப்பினால் 1 லட்சமும், விடைக்கு 2,000 × 250 என்று 5 லட்சமும் சேர்ந்து 6 லட்சம். செமி-ஜாயினில் உறுப்பினர் எண்களை மட்டும் அனுப்புகிறோம். அபராதம் உள்ளவர்கள் 1,500 பேர், எண்ணுக்கு 8 பைட் என்றால் 12,000 பைட். அந்த 1,500 பேரின் வரிசைகள் திரும்பி வரும்போது 3 லட்சம். மொத்தம் 3,12,000. பெயர் மட்டும் போதும், அது 40 பைட் என்றால், எண்ணோடு சேர்த்து ஆளுக்கு 48 பைட்தான் திரும்பும். அப்போது மொத்தமே 84,000.

ஆனால் ஏறக்குறைய எல்லா உறுப்பினருக்கும் அபராதம் இருந்தால் எண்களை அனுப்பியதே தண்டச் செலவு. எத்தனை வரிசைகள் பொருந்தும் என்ற மதிப்பீடு இல்லாமல் இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. வினவல் திட்டமிடும் பகுதிக்குப் புள்ளிவிவரம் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இரு கட்டக் கமிட் எதற்குத் தடைப்பட்டு நிற்கிறது?

இந்த நெறிமுறையை ஜிம் கிரே 1978-இல் எழுதிய குறிப்புகள் வழியாகத்தான் பலரும் அறிந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் எல்லா நோடுகளிடமும் ‘தயாரா?’ என்று கேட்கிறது. ஒவ்வொரு நோடும் மாற்றங்களையும் தன் சம்மதத்தையும் பதிவேட்டில் வட்டுவரை எழுதிவிட்டு ‘தயார்’ என்கிறது. எல்லோரும் தயார் என்றால் ஒருங்கிணைப்பாளர் கமிட் முடிவைத் தன் பதிவேட்டில் எழுதி, அனைவருக்கும் சொல்கிறது. ஒருவர் மறுத்தாலும், குறித்த நேரத்துக்குள் பதில் தராவிட்டாலும், ரோல்பேக், அதாவது எல்லா மாற்றமும் ரத்து. n நோடுகள் என்றால் கேள்வி, வாக்கு, முடிவு, ஒப்புகை என்று 4n செய்திகள்.

‘தயார்’ என்று சொன்ன கணத்தில் அந்த நோடு தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுகிறது. இனி அது தானாகக் கமிட் செய்யவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது, பூட்டுகளையும் விட முடியாது. இந்த நேரம் பார்த்து ஒருங்கிணைப்பாளர் விழுந்தால்? மற்ற நோடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றுக்கு முடிவு தெரிந்திருந்தாலோ, ஒன்று இன்னும் வாக்களிக்காமல் இருந்தாலோ பிழைத்தோம். எல்லோரும் ‘தயார்’ நிலையிலேயே இருந்தால் யாராலும் முடிவெடுக்க முடியாது. ஒருங்கிணைப்பாளர் எழுந்து வந்து தன் பதிவேட்டைப் படிக்கும் வரை, பூட்டிய வரிசைகள் பூட்டியபடியே கிடக்கும்.

தேர்வில் இந்த நெறிமுறையின் படம் வரைந்தால் ஓரளவு மதிப்பெண் வரும். ஒவ்வொரு படியிலும் யார் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுதினால் முழுதும் வரும். எழுந்து வந்த ஒருங்கிணைப்பாளரின் பதிவேட்டில் அந்த டிரான்சாக்ஷனைப் பற்றி எதுவுமே இல்லையென்றால் ரோல்பேக் ஆனதாகக் கொள்ளும் வழக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்று கட்டக் கமிட் இதைச் சரிசெய்துவிடுமா?

வாக்குக்கும் முடிவுக்கும் நடுவில் இன்னொரு கட்டத்தைக் கூட்டி, டேல் ஸ்கீன் 1981-இல் முன்வைத்த வழி அது. நோடுகள் மட்டும் விழும் என்றால் தடை நீங்கும். நெட்வொர்க் இரண்டாகப் பிளந்தால் ஒரு பக்கம் கமிட்டும் மறுபக்கம் ரோல்பேக்கும் நடக்கக்கூடும். அதனால் நடைமுறையில் அதிகம் பிடிக்கவில்லை. ஒருங்கிணைப்பாளரையே பல நகல்களாக வைத்து, அவற்றுக்குள் பெரும்பான்மை முடிவெடுக்கச் செய்வதுதான் நிலைத்த வழி.

ஒருமித்த முடிவுக்கான நெறிமுறைகளான பாக்ஸோஸ், ராஃப்ட் எல்லாம் இரு கட்டக் கமிட்டுக்கு மாற்றா?

மாற்று அல்ல, வேறு வேலை. இரு கட்டக் கமிட்டில் வெவ்வேறு தரவு வைத்திருக்கும் நோடுகள் எல்லாம் சம்மதிக்க வேண்டும். ஒன்று விழுந்தாலும் வேலை நின்றுவிடும். ராஃப்டில் ஒரே தரவின் நகல்கள் ஒரே வரிசையில் மாற்றங்களை ஏற்கின்றன, பெரும்பான்மை போதும். 5 நகல்களில் 2 விழுந்தாலும் ஓடும். கூகுளின் ஸ்பேனர் தரவுத்தளம் இரண்டையும் அடுக்கிப் பயன்படுத்துகிறது: ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்ஸோஸ் குழு, துண்டுகளுக்கிடையே இரு கட்டக் கமிட்.

நகலாக்கத்தில் ஒத்திசைவானது, ஒத்திசைவற்றது: எது நல்லது?

எதை இழக்கத் தயார் என்பதைப் பொறுத்தது. ஒத்திசைவான முறையில் நகலும் எழுதிய பிறகுதான் கிளையன்டுக்கு ‘ஆயிற்று’ என்று பதில் போகும்; எழுத்து மெதுவாகும், நகல் விழுந்தால் எழுத்தே நிற்கலாம். ஒத்திசைவற்ற முறையில் முதன்மை நோடு உடனே பதில் தந்துவிட்டு, பிறகு நகலுக்கு அனுப்பும். அதற்குள் முதன்மை எரிந்துபோனால், ‘ஆயிற்று’ என்று சொன்ன மாற்றமே காணாமல் போகும். இன்னொரு தொல்லை: தான் எழுதியதைத் தானே நகலிலிருந்து படிக்கும்போது பழையது தெரிவது.

குறிப்பிட்ட எண்ணிக்கை நகல்கள் ஒப்பினால் போதும் என்ற குவோரம் முறையில் N நகல்கள், எழுத W சம்மதம், படிக்க R பதில். R + W > N என்றால் படிக்கும் கூட்டமும் எழுதிய கூட்டமும் எங்கேனும் ஒரு நோடிலாவது சந்திக்கும். N=3, W=2, R=2 வழக்கமான தேர்வு. இது இருந்தாலே எல்லாம் கச்சிதம் என்று நினைக்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு எழுத்துகள் வந்தால் எது முந்தியது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கேப் தேற்றம் என்றால் மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுப்பதுதானே?

கன்சிஸ்டென்சி, எப்போதும் பதில் தருவது, நெட்வொர்க் இரண்டாகப் பிளந்தாலும் தாங்குவது என்ற மூன்றில் இரண்டு என்று சொல்லித்தான் பரவியது, அதனால்தான் குழப்பமும். எரிக் ப்ரூவர் 2000-இல் ஓர் ஊகமாகச் சொன்னதை சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் இருவரும் 2002-இல் நிறுவினார்கள். நெட்வொர்க் பிளவு நாம் தேர்ந்தெடுக்கும் பொருள் இல்லை, அது தானாக வரும். வரும்போது, பிளவின் இருபுறமும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதா, அல்லது பழைய பதில் தராமல் ஒரு பக்கமாவது மறுப்பதா என்பதே தேர்வு.

கவனிக்க: இங்கே வரும் கன்சிஸ்டென்சி, எல்லா நோடுகளும் ஒரே நகல்போல நடந்துகொள்வதைக் குறிக்கிறது. ஏசிஐடியில் வருவது தரவின் விதிகள் மீறப்படாமல் இருப்பதைக் குறிக்கிறது. இரண்டையும் ஒன்றாக எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. பிளவே இல்லாத சாதாரண நாளிலும் வேகத்துக்கும் ஒத்திசைவுக்கும் இடையே இழுபறி உண்டு என்று டானியல் அபாடி சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். அன்றாட வடிவமைப்புக்கு அதுதான் அதிகம் உதவும்.

ஒவ்வொரு மாற்றத்திலும் நேரத்தைக் குறித்துவிட்டால் எது முந்தியது என்று தெரிந்துவிடாதா?

இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றாக ஓடுவதில்லை. பின்தங்கிய கடிகாரமுள்ள நோடில் பிந்தி நடந்த மாற்றம், முந்தியதாகக் கருதப்பட்டு அழிந்துபோகலாம். லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் கடிகார நேரத்தை விட்டுவிட்டு, எது எதற்குக் காரணமாக இருக்க முடியும் என்ற வரிசையை மட்டும் எண்களால் பிடித்தார். ஸ்பேனர் வேறு வழி போனது: அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸும் வைத்து, நேரத்தை ஒரு புள்ளியாகச் சொல்லாமல் ‘இதற்கும் இதற்கும் இடையில்’ என்று சொல்கிறது. அந்த இடைவெளி பொதுவாக 10 மில்லிவினாடிக்குள். அது கடக்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் கமிட்டை வெளியே காட்டுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டட் தரவுத்தளத்துக்கான கிறிஸ் டேட்டின் 12 விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பாடத்திட்டத்தில் இருந்தால் செய்துகொள்ளுங்கள். 1987-இல் வந்தவை. தரவு எங்கே இருக்கிறது, எப்படித் துண்டாக்கப்பட்டது, எத்தனை நகல் என்பது பயனருக்குத் தெரியக்கூடாது என்ற மூன்றையும் நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை ஒட்டிக்கொள்ளும்.

என்னிடம் ஒரே மடிக்கணினிதான். செய்முறை செய்ய முடியுமா?

தாராளமாக. ஒரே கணினியில் நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் டாக்கரில் இரண்டு போஸ்ட்கிரெஸ் சர்வர்களை வெவ்வேறு போர்ட்டில் ஓடவிடுங்கள். இயல்பில் இரு கட்டக் கமிட் அதில் அணைந்திருக்கும். மேக்ஸ்-பிரிப்பேர்டு-டிரான்சாக்ஷன்ஸ் அமைப்பு 0 என்று இருப்பதை 10 ஆக்கி, சர்வரை மறுபடி தொடங்குங்கள். ஒன்றில் தொகையைக் கழித்து ‘பிரிப்பேர் டிரான்சாக்ஷன்’ கொடுங்கள், மற்றதில் கூட்டி அதையே கொடுங்கள். இப்போது ஒருங்கிணைப்பாளர் நீங்கள்தான். கமிட் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். வேறொரு திரையிலிருந்து அதே வரிசையை மாற்ற முயன்றால் அது தொங்கிக்கொண்டு நிற்கும். சர்வரை நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள், பூட்டு அப்போதும் விலகாது. பாடத்தில் ‘தடை’ என்று படித்தது இதைத்தான். பார்த்து முடித்ததும் ‘கமிட் பிரிப்பேர்டு’ கொடுக்க மறக்காதீர்கள்.

அடுத்து லினக்ஸின் நெட்எம் கருவியால் நெட்வொர்க்கில் 50 மில்லிவினாடி தாமதம் சேர்த்து, முன்னே சொன்ன 201 வினவல்களையும் ஒரே ஜாயினையும் ஓடவிட்டு நேரம் பாருங்கள். பிறகு முதன்மை, நகல் இரண்டையும் அமைத்து, ஒத்திசைவற்ற நிலையில் முதன்மையைத் திடீரென்று கொன்று, எத்தனை வரிசைகள் காணாமல் போயின என்று எண்ணுங்கள். பூஜ்யம் வந்தால் எழுதும் வேகத்தைக் கூட்டிவிட்டு மறுபடி கொல்லுங்கள்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு டிஸ்ட்ரிபியூட்டட் தரவுத்தளம் வைக்கலாமா?

கற்பதற்காக என்றால் வையுங்கள். தேவைக்காக என்றால், ஒரு நல்ல சர்வரும் ஒரு நகலும் போதாது என்பதை அளந்து காட்டிவிட்டு வையுங்கள். ‘எதிர்காலத்தில் பயனர்கள் பெருகினால்’ என்ற பதிலைத் தேர்வாளர்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளையும் படிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் படித்தால் பாடத்தின் சுருக்கங்கள் எதையெல்லாம் விட்டுவிட்டன என்று தெரியும். புரியும்படி எழுத வேண்டும் என்ற நோக்கத்தோடே எழுதப்பட்ட 2014-ஆம் ஆண்டு ராஃப்ட் கட்டுரையில் தொடங்குங்கள். அப்புறம் லாம்போர்ட்டின் 1978 கட்டுரை, சிறியதுதான். அமேசானின் 2007 டைனமோ கட்டுரை, எழுத்தை மறுக்காமல் இருப்பதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைக் காட்டும். 2012-இல் வந்த ஸ்பேனரைக் கடைசிக்கு வையுங்கள்; துண்டாக்கல், பூட்டு, இரு கட்டக் கமிட், பாக்ஸோஸ், கடிகாரம் எல்லாமே அதில் வருவதால் மற்றவை தெரியாமல் உள்ளே போனால் திணறும். முதல் வாசிப்பில் வேக அளவீட்டு வரைபடங்களைத் தாண்டிப் போகலாம். நோடு விழுந்தால் என்ன செய்கிறார்கள் என்ற பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.